பேக்கப் சாஃப்ட்வேர் வீட்டுக் கம்ப்யூட்டர்களைக் கண்டுபிடிக்கவில்லையா? வரிசைப்படி சரிசெய்யும் முழு வழிகாட்டி

வீட்டில் மூன்று நான்கு கம்ப்யூட்டர். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பேக்கப் எடுக்கலாம் என்று ஒரு பழைய டெஸ்க்டாப்பையோ நாஸ் பெட்டியையோ (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) வைத்து, சாஃப்ட்வேரும் போட்டாயிற்று. தேடச் சொன்னால் பட்டியல் காலியாக நிற்கிறது. இல்லையென்றால் நேற்று வரை இருந்த லேப்டாப்பை இன்றைக்குக் காணோம்.

இந்த இடத்தில் பெரும்பாலோர் சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போடுகிறார்கள். அதனால் பலன் இருப்பது அபூர்வம். பழுது ரவுட்டரிலோ விண்டோஸிலோ இருக்கும். மறுபடி போடுவதால் சரியாக இருந்த அமைப்பும் கலைந்துபோகும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள். முதலில் கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா, பிறகு இரண்டும் ஒரே நெட்வொர்க்கா, பிறகு ஐபி எண்ணால் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் உள்ள முகவரி எண்) எட்ட முடிகிறதா, அப்புறம்தான் பெயரும் பாஸ்வேர்டும். முந்தைய படி சரியாகாமல் அடுத்த படியில் எதை மாற்றினாலும் அது பலித்ததா இல்லையா என்றே தெரியாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பெட்டியின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். இணைப்புக் கொடுத்தவர் மாற்றி வைத்திருந்தால் அவரிடம்தான் கேட்டு வாங்க வேண்டும், அதனால் முதல் நாளே கேட்டுவிடுங்கள். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டு அவருக்காகக் காத்திருப்பதுதான் இதில் நேரம் வீணாகும் பெரிய இடம்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அட்மின் உரிமை உள்ள கணக்கு, நீளமான லேன் கேபிள் ஒன்று, தாள், பேனா. தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: கம்ப்யூட்டர் பெயர், ஐபி எண், கேபிளா வைஃபையா, எந்த ரவுட்டரில் சேர்ந்திருக்கிறது. மனசிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது கம்ப்யூட்டருக்குப் போகும்போது முதல் கம்ப்யூட்டரின் எண் மறந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். உடனே சோதனை. பலன் இல்லையென்றால் பழைய நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்தது.

2. யார் யாரைத் தேடுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லா பேக்கப் சாஃப்ட்வேரும் ஒரே மாதிரி தேடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் யுஆர்பேக்கப்பில் சர்வர்தான், அதாவது பேக்கப்பைச் சேமிக்கும் கம்ப்யூட்டர்தான், நெட்வொர்க் முழுவதும் கூப்பிடும். மற்ற ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நிறுவிய கிளையன்ட் என்ற சிறு சாஃப்ட்வேர் பதில் சொல்லும். சினாலஜி நாஸில் உள்ள ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸில் நிலைமை தலைகீழ். கம்ப்யூட்டரில் இருக்கும் ஏஜென்ட்தான் நாஸைத் தேடிப் போகும், அதுவும் 5510 என்ற போர்ட்டுக்கு (ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் உள்ள வாசல் எண்). விண்டோஸின் சொந்த ஃபைல் ஹிஸ்டரியும் அப்படித்தான்: கம்ப்யூட்டர் பகிர்ந்த ஃபோல்டரைத் தேடிப் போகிறது.

இது ஏன் முக்கியம் என்றால், ஃபயர்வால் என்ற கம்ப்யூட்டரின் காவல் சாஃப்ட்வேர் பெரும்பாலும் உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. வெளியே போவதை விட்டுவிடும். ஆகவே யாரைத் தேடி வருகிறார்களோ அந்தக் கம்ப்யூட்டரில்தான் அனுமதி தர வேண்டும். யுஆர்பேக்கப் போட்டவர் சர்வரின் ஃபயர்வாலையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருப்பார், தடை கிளையன்ட்டில் இருக்கும்.

இன்னொன்றும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். “அண்ணாச்சி, சர்வர் போட்டாச்சு, ஒரு கம்ப்யூட்டரும் லிஸ்ட்ல வரலையே” என்று கேட்பவர்களிடம் “ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் கிளையன்ட் போட்டீங்களா?” என்று திருப்பிக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். பதில் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு கூப்பிட்டாலும் பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

3. கம்ப்யூட்டர் விழித்திருக்கிறதா

தூங்கும் கம்ப்யூட்டர் எந்த அழைப்புக்கும் பதில் சொல்லாது. லேப்டாப்பை மூடி வைத்தால் தூங்கிவிடும்; டெஸ்க்டாப்பும் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் தூங்கும். சோதனை முடியும் வரை செட்டிங்ஸில் சிஸ்டம், பவர் என்று போய், தூங்கும் நேரத்தை ‘நெவர்’ என்று வையுங்கள்.

பேக்கப் ராத்திரியில் ஓடும்படி பல சாஃப்ட்வேர்களில் அமைந்திருக்கும். நம் வீடுகளில் படுக்கப்போகும்போது சுவிட்ச்போர்டில் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் என்றால் ரவுட்டர் பிளக்கையே உருவி வைப்பார்கள். அது சரியான பழக்கம், மாற்ற வேண்டாம். பேக்கப் நேரத்தை மாற்றுங்கள்: எல்லாக் கம்ப்யூட்டரும் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் எதுவோ, மதியமோ சாயங்காலமோ, அதற்கு வையுங்கள். “ராத்திரி மட்டும் காணோம், பகலில் தெரிகிறது” என்ற புகாருக்கு அநேகமாக இதுவே மருந்து.

4. எல்லா ஐபி எண்களையும் எழுதுங்கள்

ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை ஓட்டுங்கள். ஐபிவி4 அட்ரஸ் (கம்ப்யூட்டரின் எண்), டிஃபால்ட் கேட்வே (ரவுட்டரின் எண்) என்ற இரண்டு வரிகளையும் தாளில் எழுதுங்கள். கட்டளை வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பக்கத்தில் அந்த இணைப்பின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஐபிவி4 எண் கிடைக்கும்.

இப்போது எண்களை ஒப்பிடுங்கள். ஒரே வீட்டு நெட்வொர்க் என்றால் பொதுவாக முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருக்கும், கடைசி மட்டும் மாறும்: 192.168.1.20, 192.168.1.35 என்கிற மாதிரி. கேட்வே எல்லோருக்கும் ஒன்றே. புதிதாகப் பார்ப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான்: ஒன்றில் 192.168.1.20, இன்னொன்றில் 192.168.0.20 இருக்கும், “இரண்டுமே 192.168-தானே” என்று கடந்துபோவார்கள். மூன்றாவது எண் வேறானால் இரண்டும் வேறு நெட்வொர்க். அடுத்த பகுதி அவர்களுக்குத்தான்.

எண் 169.254 என்று தொடங்கினால் அந்தக் கம்ப்யூட்டருக்கு ரவுட்டர் எண்ணே கொடுக்கவில்லை. தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. கரண்ட் போய் வந்தபின் ரவுட்டர் முழுதாக எழுவதற்குள் கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் இப்படி ஆகும். வைஃபையைத் துண்டித்து மறுபடி சேருங்கள், கேபிள் என்றால் உருவிச் செருகுங்கள். அப்படியும் மாறாவிட்டால் கேபிளையே மாற்றிப் பாருங்கள்.

கட்டளையின் விடையில் 192.168.56.1 என்று ஒரு எண் தெரிந்தால் அதை விட்டுவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய கம்ப்யூட்டர்களில் வரும் உள் அடாப்டர் அது. சில சமயம் பேக்கப் சாஃப்ட்வேர் அந்த அடாப்டர் வழியாகத் தேடிவிட்டு யாரும் இல்லை என்று சொல்லிவிடும். விர்ச்சுவல்பாக்ஸைப் பயன்படுத்தவில்லை என்றால் அந்த அடாப்டரை முடக்கி வைக்கலாம்.

5. இரண்டு ரவுட்டர் இருக்கும் வீடு

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். நம் பக்கத்து வீடுகளில் நான் பார்க்கும் சிக்கல்களில் பெரும்பங்கு இதுதான்.

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்துப் பழைய வீடுகள் தார்சா, பட்டாசல், இரண்டாம் கட்டு என்று நீளமாகப் பின்னால் போகும், சுவரும் தடிமன். முன்னால் மாட்டிய ஃபைபர் பெட்டியின் வைஃபை அடுக்களையைத் தாண்டாது. பாளையங்கோட்டைப் பக்கத்துப் புது வீடுகளில் மச்சுக்கு (மாடிக்கு) எட்டாது. அதோடு 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பகுதிகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தபின் பேக்கப் பெட்டியைக் கீழே வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை, மச்சில் வைக்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் மச்சுக்கு நெட் வேண்டுமே என்று கடையில் ஒரு ரவுட்டர் வாங்கி, ஃபைபர் பெட்டியிலிருந்து கேபிள் இழுத்து, அதன் வான் (WAN) போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான துளையில், செருகிவிடுகிறார்கள். நெட் நன்றாக வரும். யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் வீடு இரண்டு நெட்வொர்க்காகப் பிரிந்துவிட்டது.

தேடும் சாஃப்ட்வேர் அனுப்பும் பிராட்காஸ்ட், தெருவில் நின்று குரல் கொடுப்பது போல. அந்தத் தெருவில் உள்ளவர்களுக்குக் கேட்கும். அடுத்த தெருவுக்குப் போகாது. ரவுட்டர் பிராட்காஸ்ட்டைத் தாண்ட விடாது, அப்படித்தான் அது உருவாக்கப்பட்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம் உண்டு. மேலே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து கீழே உள்ளதை எண் கொடுத்துத் திறக்க முடியும். கீழே இருந்து மேலே உள்ளதைத் திறக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தால் நடுவில் இரண்டாவது ரவுட்டர் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரிசெய்ய எளிய வழி: இரண்டாவது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஆக்ஸஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில மெஷ் வைஃபை பெட்டிகளில் அதையே பிரிட்ஜ் மோடு என்று போட்டிருப்பார்கள். பெட்டி ஒருமுறை அணைந்து எழும், முடிந்தது.

அந்த வசதி இல்லாத பழைய ரவுட்டர் என்றால் கையால் செய்ய வேண்டும். வரிசை பிசகக் கூடாது.

முதலில் வான் போர்ட்டில் இருக்கும் கேபிளைக் கழற்றுங்கள். கழற்றாமல் உள் எண்ணை மாற்றினால் இரண்டு பக்கமும் ஒரே வரிசை எண் வந்து ரவுட்டர் மறுத்துவிடும், அல்லது தானே வேறு எண்ணுக்குத் தாவிவிடும்.

அடுத்து லேப்டாப்பை அந்த ரவுட்டரின் லேன் (LAN) போர்ட்டில், அதாவது வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான துளையில், கேபிளால் சேர்த்து, அமைப்புப் பக்கத்தில் அதன் லேன் ஐபியை ஃபைபர் பெட்டியின் வரிசையில் காலியாக உள்ள எண்ணுக்கு மாற்றுங்கள். ஃபைபர் பெட்டி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 வைக்கலாம், அந்த எண்ணை ஃபைபர் பெட்டி வேறு யாருக்கும் தராதபடி பார்த்துக்கொண்டு.

சேமித்தபின் புது எண்ணில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை (கம்ப்யூட்டர்களுக்குத் தானாக ஐபி எண் கொடுக்கும் வசதி) அணையுங்கள். இதை எண்ணை மாற்றியபின் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால் உங்கள் லேப்டாப்புக்கு எண் கிடைக்காமல் போய், அமைப்புப் பக்கத்துக்குத் திரும்பவே முடியாமல் நிற்பீர்கள். அணைக்காமலே விட்டால் ஒரே வீட்டில் இரண்டு பேர் எண் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் வேலை செய்யும், ஒரு நாள் செய்யாது.

கடைசியாக ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். வான் போர்ட் இனிமேல் காலியாகவே இருக்கட்டும். அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த முறை இணைப்பு சரிபார்க்க வருபவர் “கேபிள் தப்பாக இருக்கிறதே” என்று அதிலேயே திரும்பச் செருகிவிடுவார்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை நெட்வொர்க்கிலிருந்து துண்டித்துச் சேர்த்து, 4-ஆம் பகுதியைத் திரும்பச் செய்யுங்கள். எண்கள் ஒரே வரிசைக்கு வந்திருக்க வேண்டும்.

6. கெஸ்ட் வைஃபையும் தனிமைப்படுத்தலும்

எண்கள் ஒரே வரிசையில் இருந்தும் ஒன்றையொன்று எட்டவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகியுங்கள். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்த கம்ப்யூட்டருக்கு நெட் மட்டும்தான் கிடைக்கும். வீட்டுக் கம்ப்யூட்டர்கள் தெரியாது. சில ஃபைபர் பெட்டிகளில் ஏபி ஐசொலேஷன் அல்லது கிளையன்ட் ஐசொலேஷன் என்ற அமைப்பு சாதாரண வைஃபையிலேயே ஓடிக்கொண்டிருக்கும். வைஃபையில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் பார்க்கக் கூடாது என்பது அதன் வேலை. அதை அணையுங்கள்.

உறுதி செய்ய அந்த நீளமான லேன் கேபிளை எடுங்கள். தெரியாத கம்ப்யூட்டரைக் கேபிளில் சேர்த்ததும் தெரிந்துவிட்டால் பழி வைஃபை அமைப்பின் மேல்தான்.

ஆபீஸ் லேப்டாப்பை வீட்டில் வைத்து வேலை செய்பவர்களுக்கு: விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் தனி இணைப்பு) ஓடும்போது பல நிறுவனங்கள் வீட்டு நெட்வொர்க்கோடு பேசுவதை அடைத்துவிடும். விபிஎன்-ஐ நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அது ஆபீஸ் வைத்த கட்டுப்பாடு. வீட்டில் உடைக்க வேண்டியதில்லை. அந்த லேப்டாப்பின் பேக்கப்பும் ஆபீஸ் பொறுப்பு.

7. பெயரை விட்டுவிட்டு எண்ணால் எட்டிப் பாருங்கள்

இந்த ஒரு சோதனைதான் வேலையை இரண்டாகப் பிரிக்கும்.

பேக்கப் கம்ப்யூட்டரில் விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, வரும் பெட்டியில் \\192.168.1.20 என்று, காணாமல்போன கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டு என்டர் தட்டுங்கள். ஃபோல்டர்கள் தெரிந்தாலோ பாஸ்வேர்டு கேட்டாலோ பாதை நன்றாக இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்பதைப் பார்த்துப் பயந்து மூடுகிறார்கள். உண்மையில் அது நல்ல செய்தி, மறுபக்கம் பதில் சொல்கிறது என்று அர்த்தம். 8-ஆம் பகுதியில் பேக்கப் சாஃப்ட்வேருக்கான ஃபயர்வால் அனுமதியை மட்டும் பார்த்துவிட்டு நீங்கள் 9-ஆம் பகுதிக்குப் போகலாம்.

நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்று வந்தால் பிங் செய்து பாருங்கள்: கமாண்ட் பிராம்ப்ட்டில் ping 192.168.1.20 என்று அந்த எண்ணோடு தட்டினால், இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும். பதில் வந்தால் பாதை இருக்கிறது, பகிர்வு மட்டும் அடைபட்டிருக்கிறது. பதில் வராவிட்டாலும் உடனே முடிவுக்கு வராதீர்கள், விண்டோஸ் ஃபயர்வால் பிங்கையும் தடுக்கும். வராத விதத்தைக் கவனியுங்கள். உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த எண்ணிலிருந்தே ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்தால் அந்த எண்ணில் யாருமே இல்லை: கம்ப்யூட்டர் தூங்குகிறது, எண் மாறிவிட்டது, அல்லது வைஃபை தனிமைப்படுத்தல். ‘ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்’ என்று வந்தால் பெரும்பாலும் ஆள் இருக்கிறார், ஃபயர்வால் வாயை மூடியிருக்கிறது. முதல் விடைக்கு 3 முதல் 6 வரை திரும்பப் போங்கள். மற்றவர்கள் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

8. பப்ளிக்கா பிரைவேட்டா, பிறகு ஃபயர்வால்

விண்டோஸ் ஒவ்வொரு நெட்வொர்க்கையும் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டில் ஒன்றாக வைத்துக்கொள்கிறது. பப்ளிக் என்றால் பஸ் ஸ்டாண்டு, காபிக் கடை வைஃபை போலக் கருதி, மற்றவர் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். வீட்டுக்குப் பிரைவேட்தான் வேண்டும்.

விண்டோஸ் 11 புதிய நெட்வொர்க்கைத் தானாகவே பப்ளிக் என்று வைத்துவிடும். விண்டோஸ் 10 ஒரு கேள்வி கேட்கும். அவசரத்தில் ‘நோ’ தட்டினால் அதுவும் பப்ளிக். ஃபைபர் பெட்டி பழுதாகி வேறு பெட்டி மாட்டினாலும், வைஃபை பெயரை மாற்றினாலும் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். “பெட்டி மாற்றின நாளிலிருந்து பேக்கப் ஓடவில்லை” என்றால் மாற்றியவர் மேல் கோபப்படாமல் இங்கே பாருங்கள்.

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், சேர்ந்திருக்கும் வைஃபை அல்லது ஈதர்நெட்டின் பிராப்பர்ட்டீஸில் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். கேபிளுக்கும் வைஃபைக்கும் தனித்தனி. எல்லாக் கம்ப்யூட்டரிலும் செய்யுங்கள், சர்வரிலும்.

பிறகு மேம்பட்ட பகிர்வு அமைப்புகளில், பிரைவேட் தலைப்பின் கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் இயக்குங்கள்.

ஃபயர்வாலில் பேக்கப் சாஃப்ட்வேருக்கு அனுமதி இருக்கிறதா என்று அடுத்ததாகப் பாருங்கள். ‘ஒரு செயலியை அனுமதி’ என்ற பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே பிரைவேட் கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். யுஆர்பேக்கப் என்றால் கிளையன்ட் கம்ப்யூட்டரில் டிசிபி 35621, 35623, யுடிபி 35622 ஆகிய போர்ட்கள் வழியே உள்ளே வர அனுமதி வேண்டும் (டிசிபி, யுடிபி என்பவை தகவல் அனுப்பும் இரு முறைகள்). யுடிபி எண்தான் தேடும் அழைப்பு. அதை மறந்தால் தேடினால் கிடைக்காது.

காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் விண்டோஸ் ஃபயர்வாலில் நீங்கள் செய்வது செல்லாமல் போகலாம். பலவற்றில் சொந்த ஃபயர்வால் உண்டு, அதில் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று தனியாகக் குறிக்க வேண்டும். இதை மறந்து விண்டோஸ் பக்கத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்கள் ஏராளம்.

ஃபயர்வாலை முழுவதும் அணைத்துப் பார்ப்பது சோதனைக்காக இரண்டு நிமிடம் மட்டும். அணைத்ததும் கம்ப்யூட்டர் தெரிந்தால் காரணம் தெரிந்துவிட்டது. உடனே திரும்ப இயக்கிவிட்டுச் சரியான அனுமதியை மட்டும் சேருங்கள். அணைத்தே வைத்துவிட்டுப் போவது தீர்வாகாது.

9. எண்ணால் வருகிறது, பட்டியலில் வரவில்லை

இந்த நிலைக்கு வந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாம். மிகச் சுருக்கமான வழி, சாஃப்ட்வேரிலேயே எண்ணைக் கையால் கொடுத்துவிடுவது. யுஆர்பேக்கப் சர்வரின் பக்கத்தை 192.168.1.50:55414 என்கிற மாதிரி சர்வரின் எண்ணோடு பிரவுசரில் திறந்து, புதிய கிளையன்ட் சேர்க்கும் இடத்தில் காணாத கம்ப்யூட்டரின் எண்ணைப் போட்டால் போதும். மற்றவற்றிலும் எண் கொடுக்க ஓர் இடம் இருக்கும். தானாகத் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இந்த வழியைத் தேர்ந்தால் 11-ஆம் பகுதியைத் தவறாமல் செய்யுங்கள்.

சர்வரை டாக்கரில் ஓட்டினால் அதை ஹோஸ்ட் நெட்வொர்க் முறையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அதன் அழைப்பு டாக்கரின் உள் நெட்வொர்க்குக்குள்ளேயே நின்றுவிடும்.

விண்டோஸின் நெட்வொர்க் பட்டியலை நம்பியிருக்கும் சாஃப்ட்வேர் என்றால், தெரிய வேண்டிய கம்ப்யூட்டரில் சர்வீசஸ் பக்கத்தைத் திறந்து ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்பதைத் தானாகத் தொடங்கும்படி மாற்றுங்கள். “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொல்வது அதன் வேலை. நின்றுபோனால் கம்ப்யூட்டர் இருந்தும் பட்டியலில் வராது. தேடும் கம்ப்யூட்டரில் ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட் ஓட வேண்டும். நெட்வொர்க் டிஸ்கவரியை இயக்கிச் சேமித்தாலும் அது தானாக அணைந்துகொண்டே இருந்தால் இவற்றோடு எஸ்எஸ்டிபி டிஸ்கவரி, யுபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட் இரண்டையும் பாருங்கள்.

பெயர் மோதலும் உண்டு. ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய கம்ப்யூட்டர்களில் ஒரே ஹார்ட் டிஸ்க் நகலை எல்லாவற்றுக்கும் ஏற்றியிருந்தால் இரண்டுக்கும் ஒரே பெயர் இருக்கும், பட்டியலில் ஒன்றுதான் தெரியும். பெயரை மாற்றி மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர் 15 எழுத்துக்குள் இருக்கட்டும். பழைய நெட்பயாஸ் முறை அதற்கு மேல் ஏற்காது.

இந்தக் கட்டத்தில் வீடியோக்களில் பலர் எஸ்எம்பி 1-ஐ (ஃபோல்டர் பகிரும் பழைய முறை) இயக்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் பரவியது அதில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து அது முதலிலேயே நிறுவப்படுவதில்லை. பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ் முதலில் தேடுவது உங்கள் பேக்கப்பைத்தான். அந்தப் பெட்டியிலேயே பழைய ஓட்டையைத் திறந்து வைப்பது எல்லா உழைப்பையும் வீணாக்கும். பழைய நாஸ் எஸ்எம்பி 1 மட்டுமே பேசும் என்றால் அதன் ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் இருக்கும் சாஃப்ட்வேர்) புதுப்பியுங்கள், முடியாவிட்டால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

சர்வரை மறுபடி நிறுவியவர்களுக்கு ஒரு குறிப்பு: யுஆர்பேக்கப் கிளையன்ட் தனக்குப் பழக்கமான சர்வரை மட்டுமே ஏற்கும். புதிதாக நிறுவிய சர்வர் பெயரில் ஒன்றானாலும் அதற்கு அந்நியர்தான். கிளையன்ட்டில் புது சர்வரை ஏற்கச் செய்யாமல் பேக்கப் ஓடாது.

10. தெரிகிறது, ஆனால் உள்ளே விட மறுக்கிறது

பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் பின் எண்ணைப் போடுகிறார்கள். பின் எண் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டும்; நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் பயன்படாது: காலி பாஸ்வேர்டோடு நெட்வொர்க் வழியாக நுழைவதை விண்டோஸ் அனுமதிப்பதில்லை.

எனவே வீட்டில் உள்ளவர்களின் கணக்கைத் தொடாமல், பேக்கப்புக்கென்று ஒரு உள்ளூர் கணக்கை நல்ல பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். பிள்ளைகள் தங்கள் பாஸ்வேர்டை மாற்றினாலும் பேக்கப் நிற்காது. பயனர் பெயரைக் கொடுக்கும்போது முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் பெயரையும் சாய்கோட்டையும் சேருங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறியபின் நாஸ் திறக்கவில்லை என்றால், அதுவரை பாஸ்வேர்டு இல்லாமல் கெஸ்ட்டாக நுழைந்துகொண்டிருந்தீர்களா என்று பாருங்கள். புரொஃபெஷனல் பதிப்பில் அந்த வழி இப்போது அடைபட்டிருக்கிறது. நாஸில் முறையான பயனரை உருவாக்குவதே சரி.

11. எண் மாறாமல் நிறுத்துங்கள்

கரண்ட் போய் வந்தபின் சில ரவுட்டர்கள் யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். நேற்று 20 இருந்த கம்ப்யூட்டருக்கு இன்று 23. சாஃப்ட்வேர் பழைய எண்ணில் தேடிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்ற இடத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டரின் மேக் எண்ணுக்கும் (நெட்வொர்க் அடாப்டரின் சொந்த அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை ஒதுக்குங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே எண்ணை நிலையாக வைப்பதைவிட இது நல்லது, ஏனென்றால் அந்த லேப்டாப்பை வெளியூர் கொண்டுபோனாலும் அங்கே சிக்கல் வராது. லேப்டாப்பின் வைஃபைக்கு ஒரு மேக், கேபிளுக்கு வேறு மேக், இரண்டையும் பதியுங்கள். விண்டோஸின் வைஃபை அமைப்பில் ‘ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்’ இயங்கினால் வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அணையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பதிந்த மேக் எண்ணோடு அது வராது.

ரவுட்டர், ஃபைபர் பெட்டி, பேக்கப் கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே இன்வெர்ட்டர் இணைப்பில் இருந்தால் இந்தத் தொந்தரவு இன்னும் குறையும்.

12. ஒரு ஃபைலை மீட்டுப் பாருங்கள்

பட்டியலில் பெயர் வந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். முதலில் ஒரு சிறிய ஃபோல்டரை மட்டும் பேக்கப் எடுங்கள். முழு பேக்கப் வைஃபையில் பல மணி நேரம் ஓடும். நடுவில் நின்றால் தொடர்புப் பழுதா, இடம் போதாததா என்று புரியாது. சிறிய ஃபோல்டர் வந்து சேர்ந்தபின் முதல் முழு பேக்கப்பைக் கேபிளில் சேர்த்து எடுங்கள். அதற்கடுத்து வருபவை மாறியவற்றை மட்டும் எடுப்பதால் வைஃபையே போதும்.

பிறகு சர்வரிலிருந்து ஒரு போட்டோவையோ ஜிஎஸ்டி ஃபைலையோ எடுத்து, வேறு ஒரு கம்ப்யூட்டரில் வைத்துத் திறந்து பாருங்கள். திறந்தால், ஐபி எண்கள் எழுதிய தாளைப் பேக்கப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு, 3-ஆம் பகுதியில் ‘நெவர்’ என்று மாற்றிய தூக்க நேரத்தை லேப்டாப்புகளில் பழையபடி வையுங்கள்.